மூன்று காற்று மெத்தைகளும் ஒரு பொத்தலும்: திருச்சி வீட்டிலும் மன்னவனூர் கூடாரத்திலும்

போன சித்திரையில் அக்கா மகளுக்கு எங்கள் வீட்டில் வைத்து வளைகாப்பு. திருச்சியில் எங்களுடையது இரண்டு படுக்கையறை உள்ள வீடு, வந்து தங்கியவர்கள் பதினொரு பேர். பாய் இருக்கிறது, ஜமக்காளம் இருக்கிறது, ஆனால் அத்தானுக்கு முதுகுவலி, மொசைக் தரையில் அவரால் படுக்க முடியாது. இலவம்பஞ்சு மெத்தை ஒன்று கூடுதலாக வாங்கினால் விசேஷம் முடிந்த பிறகு அதை எங்கே வைப்பது? அப்படித்தான் காற்று மெத்தை வாங்கலாம் என்று முடிவு செய்தேன். அன்றிலிருந்து இன்றுவரை மூன்று மெத்தை வாங்கி, ஒன்றை இழந்து, ஒன்றுக்கு ஒட்டும் போட்டுவிட்டேன். வாங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலில் பெயர் குழப்பம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடையில் போய் "ஏர் பெட் இருக்கா" என்று கேட்டால் பாதிப் பேர் சர்ஜிகல் கடைக்கு வழி சொல்கிறார்கள். அங்கே இருப்பது படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் இருக்க வைக்கும் மெத்தை. அதோடு வரும் சின்ன மோட்டார் மாறி மாறிக் காற்று ஏற்றி இறக்கியபடி நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும். விருந்தினருக்கு அது சரிப்படாது. நமக்கு வேண்டியது முகாம் சாமான் விற்கும் கடையிலோ ஆன்லைனிலோ கிடைக்கும், அடியும் பக்கமும் வினைல் என்ற வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக், மேல்பக்கம் வெல்வெட் போல மெத்தென்று இருக்கும் வகை.

நான் முதலில் வாங்கியது பெரியது. குயின் அளவு, அதாவது 152 செ.மீ. அகலம், 203 செ.மீ. நீளம், கட்டில் போல 45 செ.மீ. உயரம், உள்ளேயே 230 வோல்ட் பம்ப். பெட்டியில் 272 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தது (600 பவுண்டைக் கிலோவாக மாற்றிய கணக்கு அது, குயின் அளவில் பல பெட்டிகளில் இதே எண்தான் இருக்கும்). சுவிட்சைப் போட்டதும் நாலைந்து நிமிடத்தில் நிமிர்ந்து நின்றது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

காலையில் பார்த்தால் அத்தானும் அக்காவும் நடுவில் ஒரு பள்ளத்தில் கிடந்தார்கள். பக்கங்கள் இரண்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன. அக்கா சொன்ன குறை இன்னொன்று: அத்தான் புரண்டு படுக்கும்போதெல்லாம் இவர் பக்கம் எழும்புகிறது, அவர் எழுந்து பாத்ரூம் போனால் இவர் பக்கம் பொதுக்கென்று தாழ்கிறது. முழு மெத்தைக்கும் காற்று ஒரே அறையில் இருப்பதால் ஒருவர் அசைவது மற்றவரைச் சும்மா விடாது, எடையில் வித்தியாசம் அதிகமாக இருந்தால் லேசானவர் கனமானவர் பக்கம் உருளுவார். பெரிய மெத்தையில் இது இருந்தே தீரும், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அப்புறம்தான்.

ஆனால் அன்று என் கவலையெல்லாம் காற்று இறங்கியதைப் பற்றித்தான். காற்று இறங்கினால் எங்கோ ஓட்டை இருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஸ்பிரே பாட்டிலில் ஒரு ஷாம்பு பாக்கெட்டைக் கரைத்து மெத்தை முழுக்க அடித்தேன், விளிம்பு விளிம்பாக, வால்வைச் சுற்றி, அடிப்பக்கத்தைத் திருப்பிப் போட்டு. ஓட்டை இருந்தால் அந்த இடத்தில் நுரை குமிழ் விட்டு வளரும். இரண்டு நாள் தேடியும் ஒரு குமிழ்கூட இல்லை. அப்புறம்தான் தேடுவதை நிறுத்திவிட்டு அளந்து பார்ப்போம் என்று தோன்றியது.

அளக்க ரொம்ப எளிய வழி. முழுக்கக் காற்றடித்த மெத்தையின் நடுவில் 20 லிட்டர் தண்ணீர் கேனை வைக்க வேண்டும். தரையிலிருந்து கேன் மூடி எத்தனை செ.மீ. என்று ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை அளந்து எழுத வேண்டும். முதல் ராத்திரி 6 செ.மீ. இறங்கியது. காலையில் மறுபடி காற்றடித்து நிரப்பினேன், மறுநாள் 3 செ.மீ., அதற்கு மறுநாள் 1 செ.மீ., நாலாம் நாள் அரை செ.மீ.கூட இல்லை. ஓட்டையாக இருந்தால் தினமும் ஒரே அளவு இறங்கியிருக்கும், இப்படி நாளுக்கு நாள் குறையாது. நடந்தது என்னவென்றால், புது வினைல் பாரம் ஏறும்போது நீள்கிறது. உள்ளே இருக்கும் காற்று அப்படியே இருக்கிறது, பை மட்டும் கொஞ்சம் பெரிதாகிவிடுகிறது, அதனால் மெத்தை தளர்ந்துபோகிறது. நாலைந்து தடவை அடித்து நிரப்பினால் நீள வேண்டியது நீண்டு நின்றுவிடும். ஆகவே விருந்தாளி வருவதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி, தினமும் அடித்துப் பழக்கிவிடுங்கள். விசேஷத்துக்கு முதல் நாள் வாங்கி அன்றைக்கே படுக்க வைத்தால் எங்கள் வீட்டில் நடந்ததுதான் நடக்கும்.

இரண்டாவது காரணம் ஏசி. சாயங்காலம் அறை 33 டிகிரியில் இருக்கும்போது கல் மாதிரி இறுக்கமாக அடித்துவிட்டு, அப்புறம் ஏசியை 24இல் வைக்கிறோம். குளிர்ந்தால் காற்று சுருங்கும், இந்த வித்தியாசத்துக்குச் சுமார் 3 சதவீதம் வருகிறது. கேட்கச் சின்னதாகத் தெரியலாம், ஆனால் மெத்தைக்குள் அழுத்தம் வெளிக்காற்றை விடக் கொஞ்சமே அதிகம் என்பதால் அந்த 3 சதவீதத்தை உடம்பு நன்றாகவே உணர்கிறது. ஏசியைப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, படுக்கும் முன் ஒரு தடவை நிரப்பிக்கொண்டால் போதும்.

அந்தப் பெரிய மெத்தை ஒரு மாதம்தான் இருந்தது. வளைகாப்பு அன்று யாரோ அதில் பாயசத்தைக் கொட்டிவிட்டார்கள், வெல்வெட் பரப்பில் ஒட்டிக்கொண்டு எறும்பு மொய்க்க ஆரம்பித்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம், ஒரு நாள் அதைக் கழுவி, நிறையக் காற்றடித்தபடியே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வருவதற்குள் நிழல் நகர்ந்திருந்தது. மெத்தையின் நடுவில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. கறுத்த நிற வினைல் மே மாத வெயிலில் எளிதாக 60 டிகிரியைத் தொடும், உள்ளே இருந்த காற்று பத்து சதவீதம் விரியப் பார்த்திருக்கும், விரிய இடமில்லை. வெளித்தோல் கிழியவில்லை, உள்ளே ஏதோ விட்டுப்போயிருந்தது. ஒரு இடத்தில் விட்டால் அந்தப் பாரம் பக்கத்து ஒட்டுக்குப் போகும், அதுவும் விடும், புடைப்பு வளரும். இதைச் சரிசெய்ய வழியே கிடையாது.

சரி, போனது போயிற்று என்று பிளேடால் அறுத்து உள்ளே பார்த்தேன். காற்று மெத்தை வாங்க நினைக்கிற ஒவ்வொருவரும் ஒரு தடவையாவது இதைப் பார்க்க வேண்டும், அவ்வளவு தெரிந்துகொண்டேன். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் பை. உள்ளே மேல்தோலையும் கீழ்த்தோலையும் இழுத்துப் பிடிக்க வினைல் பட்டைகள், வளையம் வளையமாக, சூட்டில் ஒட்டப்பட்டிருக்கின்றன. அவை இல்லாவிட்டால் மெத்தை பலூன் மாதிரி உருண்டுவிடும். மேலே தெரிகிற அந்தக் குழிகளெல்லாம் பட்டை ஒட்டிய இடங்கள். பட்டை எதுவும் அறுந்திருக்கவில்லை, மேல்தோலோடு ஒட்டிய இடம்தான் வரிசையாக நாலைந்து வளையத்துக்குப் பிரிந்திருந்தது. பட்டையும் வினைல்தான், ஆகவே அதுவும் பாரத்தில் நீளும். நடுவில் பள்ளம் விழுந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அடுத்த தடவை வாங்கும்போது முதலில் விசாரித்தது இதைத்தான். சில மெத்தைகளில் பட்டைக்குப் பதிலாக ஆயிரக்கணக்கான பாலியெஸ்டர் நூல்கள் மேலும் கீழும் பிடித்திருக்கும். இன்டெக்ஸ் இதை ஃபைபர்-டெக் என்ற பெயரில் விற்கிறது. பாலியெஸ்டர் நூல் வினைல் மாதிரி நீளாது, மெத்தை எடையும் குறைகிறது, மேற்பரப்பும் தட்டையாக நிற்கிறது. விலை கொஞ்சம் கூட, ஆனாலும் என் கணக்கில் காசு கொடுக்க வேண்டிய இடம் இதுதான். தலையணை மேடு, கப் வைக்கும் குழி எல்லாம் இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

இரண்டாவது முடிவு, பெரியது ஒன்றுக்குப் பதில் சிங்கிள் இரண்டு. ஒவ்வொன்றும் 99 செ.மீ. அகலம், 191 செ.மீ. நீளம், 25 செ.மீ. உயரம். கணவன் மனைவி வந்தால் பக்கத்தில் பக்கத்தில் போட்டு இரண்டுக்கும் குறுக்காக ஒரு பவானி ஜமக்காளத்தை விரித்தால் நடு இடுக்கு தெரிவதில்லை, ஒருவர் புரண்டால் மற்றவருக்குத் தெரியாது. ஒன்று பஞ்சரானாலும் ஒருவராவது தூங்கலாம். அத்தானுக்கு இதில்தான் முதுகு சரியாக இருந்தது, அதுவும் கல் மாதிரி அடிக்காமல், மல்லாந்து படுத்தால் இடுப்பு தரையைத் தொடாத அளவுக்கு மட்டும் அடித்தபோது.

அப்பாவுக்கு மட்டும் இது ஒத்துவரவில்லை. அவருக்கு 74 வயது, முழங்கால் தேய்மானம். 25 செ.மீ. உயரத்திலிருந்து எழ ஒரு கை பிடித்துவிட வேண்டும், விளிம்பில் கை ஊன்றினால் அது அமுங்கி ஆளைச் சரிக்கிறது. 45 செ.மீ. உயர மெத்தையில் உட்கார்ந்து எழுவது எளிது என்றாலும் விளிம்பு அதிலும் அமுங்கத்தான் செய்யும். முழங்கால், இடுப்பு வலி உள்ள பெரியவர்களுக்குக் கட்டிலைக் கொடுத்துவிட்டு நாம் காற்று மெத்தையில் படுப்பதே நல்லது.

பம்ப் விஷயத்தில் ஒரு சாயங்காலம் முழுக்க வீணாகிப் போனது. காரில் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன 12 வோல்ட் கம்ப்ரஸர் இருக்கிறதே, அது போதும் என்று நினைத்தேன். அது அழுத்தம் நிறையக் கொடுக்கும், காற்றின் அளவு ரொம்பக் கொஞ்சம். நிமிடத்துக்கு 30, 35 லிட்டர்தான் வருகிறது. ஒரு சிங்கிள் மெத்தைக்குள் சுமார் 400 லிட்டர் காற்று போக வேண்டும். அதற்குள் கம்ப்ரஸர் தொட முடியாத அளவுக்குச் சூடாகிவிட்டது. மெத்தைக்கு வேண்டியது அழுத்தம் குறைவாகவும் காற்று நிறையவும் தரும் பம்ப். நான் வைத்திருப்பது கையால் இழுத்தாலும் அமுக்கினாலும் காற்று போகும் பம்ப், ஒரு சுற்றுக்குச் சுமார் 4 லிட்டர், நூறு தடவை அடித்தால் ஒரு மெத்தை தயார். வீட்டில் மின்சார பம்ப் வசதிதான், ஆனால் உள்ளேயே பொருத்தியது வேண்டாம் என்பேன், அது கெட்டால் மெத்தையும் சேர்ந்து போகிறது. மெத்தையில் சாதாரண வால்வு, பம்ப் தனியாக, இதுதான் என் விருப்பம்.

ஜனவரியில் இந்த இரண்டு சிங்கிளையும் எடுத்துக்கொண்டு நானும் அக்கா மகனும் மன்னவனூர் போனோம். கொடைக்கானலிலிருந்து பூம்பாறை வழியாகச் சுமார் 35 கி.மீ., ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணையும் புல்வெளியும் ஏரியும் இருக்கிற ஊர். தனியார் தோட்டம் ஒன்றில் அனுமதி வாங்கி எங்கள் கூடாரத்தைப் போட்டோம். மூன்று பேர் கூடாரம் என்று வாங்கியது, இரண்டு சிங்கிளைப் போட்டதும் இரண்டு மீட்டர் அகலம் நிறைந்துவிட்டது. கூடாரத்தின் சுவர் சாய்வாக இருப்பதால் 25 செ.மீ. உயர மெத்தையில் படுத்தால் முகத்துக்குப் பக்கத்திலேயே துணி, விடிகாலையில் மூச்சுக்காற்று அதில் நீராகப் படிந்து நெற்றியில் சொட்டியது. கூடாரத்துக்கு என்று வாங்குகிறவர்கள் கூடாரத்தின் தரை அளவை மட்டும் பார்க்காதீர்கள், மெத்தை உயரத்தில் சுவருக்கும் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்றும் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

குளிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். போர்வை இரண்டு, ஸ்வெட்டர், மங்கி குல்லா எல்லாம் இருந்தும் இரவு இரண்டு மணிக்கு முதுகு சில்லிட்டு எழுந்தேன். மேலே குளிரவில்லை, கீழேதான். தடிமனான காற்று மெத்தை வெப்பத்தைத் தடுக்கும் என்று நினைப்போம், உண்மை நேர்மாறு. உள்ளே இருக்கும் பெரிய இடத்தில் காற்று சுழன்றுகொண்டே இருக்கிறது, நம் உடம்புச் சூட்டை வாங்கிக் கீழே குளிர்ந்த தரையில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறது. முகாமுக்கென்று செய்யும் மெல்லிய படுக்கைகளில் ஆர் மதிப்பு என்று ஒரு எண் போட்டிருப்பார்கள், வெப்பத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான எண் அது. இந்த வகை மெத்தைக்கு அது 1ஐ ஒட்டித்தான் இருக்கும். நல்ல செய்தி என்னவென்றால் அடுக்கினால் அந்த எண்களைக் கூட்டிக்கொள்ளலாம். அக்கா மகன் காரிலிருந்து அவன் யோகா மேட்டை எடுத்து வந்து மெத்தையின் மேல் போட்டான், அதன் மேல் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டோம். அதற்குப் பிறகு விடியும்வரை தூங்கினோம். விரிப்பு மெத்தைக்கு மேலே, உடம்புக்கும் காற்றுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். வீட்டிலும் வெயில் காலத்தில் இதே ஜமக்காளம்தான் கைகொடுக்கிறது, வினைல் வியர்வையை உறிஞ்சாது, மேலே தடித்த பருத்தி இல்லாவிட்டால் முதுகு நசநசவென்று ஆகிவிடும்.

அடிக்கடி போய்த் தங்குகிறவர்களும் தோளில் சுமந்து நடக்கிறவர்களும் இந்த வகையே வாங்க வேண்டாம். உள்ளே நுரை வைத்து, வால்வைத் திறந்தால் தானே பாதிக் காற்றை இழுத்துக்கொள்ளும் படுக்கை இருக்கிறது, இல்லாவிட்டால் மடிக்கிற நுரைப் பாய். மெத்தென்று இருக்காது, ஆனால் நுரைப் பாய்க்குப் பஞ்சர் என்பதே கிடையாது. கார் போகிற இடத்தில் போய்ப் படுக்கத்தான் நம்முடையது.

இரண்டாம் ராத்திரி என் மெத்தை மூன்று மணிக்கெல்லாம் தரையோடு ஒட்டிவிட்டது. குளிரில் சுருங்கியது என்றால் தளரும், இப்படி முழுக்கப் படுக்காது, ஆகவே இந்தத் தடவை உண்மையான ஓட்டை. வீட்டுக்கு வந்ததும் முதலில் வால்வைப் பார்த்தேன், அதன் மடலில் ஒரு தலைமுடியோ மணலோ ஒட்டியிருந்தாலே மெல்ல இறங்கும், துணியால் துடைத்தால் போதும். அங்கே ஒன்றுமில்லை. ஷாம்பு நீரை அடித்தேன், இரண்டே நிமிடத்தில் வெல்வெட் பக்கத்தில் கால்மாட்டில் கடுகு அளவுக் குமிழ். கூடாரத்துக்கு அடியில் விரிப்பு போட்டிருந்தோம், புல்வேர்க்கட்டையெல்லாம் பொறுக்கியிருந்தோம், ஆனால் கேமராவைத் தாங்கும் ஸ்டாண்டை மெத்தை மேல் வைத்தது நினைவுக்கு வந்தது. பால்பாயின்ட் பேனாவால் வட்டம் போட்டேன்.

ஒட்டுப் போடுவதில் மூன்று விஷயம் தவறாகப் போகும் என்று படித்திருந்தேன், ஒன்றை நானே முயன்று பார்த்து உறுதிசெய்தேன். சைக்கிள் கடை சொல்யூஷன் ரப்பருக்கானது, அறுத்த பழைய மெத்தைத் துண்டில் ஒட்டிப் பார்த்தேன், மறுநாள் நகத்தால் உரித்தால் தோல் மாதிரி வந்துவிட்டது. பிளம்பர் பயன்படுத்தும் பைப் சொல்யூஷன் கெட்டியான குழாய்க்கு, மெல்லிய வினைலைக் கரைத்து முறுக்கிவிடும். ஃபெவிக்விக் காய்ந்தால் விறைப்பாகி மடிப்பில் விரிசல் விடும். வினைலுக்கென்று வருகிற வளைந்து கொடுக்கும் ஒட்டுதான் வேண்டும், அல்லது டியர்-எய்ட் போல வினைலுக்கான ஒட்டுப்படலம். என்னிடம் மெத்தையோடு வந்த பசை டியூப் இருந்தது.

வெல்வெட் பரப்பின் மேல் எந்த ஒட்டும் நிற்காது, அந்த நுண்ணிழையோடு சேர்ந்து பிய்ந்து வந்துவிடும். மெத்தையின் காற்றை முழுக்க இறக்கி, ஓட்டையைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்கு நைஸ் உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்தேன், அடியில் பளபளப்பான வினைல் தெரியும்வரை. அவசரப்பட்டு அழுத்தினால் தோலே மெலிந்துவிடும், அரை மணி நேரம் ஆனது. மருந்துக் கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்துக் காயவிட்டேன். ஒட்டுத் துண்டை வட்டமாக வெட்ட வேண்டும், மூலை இருந்தால் அங்கிருந்துதான் கிளம்பும். ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 3 செ.மீ. மிஞ்சும்படி வெட்டினேன். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பசை தடவி, பிசுபிசுப்பு வந்ததும் ஒட்டி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கரண்டிக் காம்பால் தேய்த்துக் காற்றுக் குமிழை வெளியேற்றி, மேலே பிளாஸ்டிக் தாளும் அதன் மேல் அம்மிக் குழவியும் வைத்தேன். 24 மணி நேரம் தொடவில்லை. பிறகும் முதலில் பாதிக் காற்றுதான் அடித்தேன்.

ஒட்டுத் துண்டு, மாடியில் புடைத்துப் போன அந்தப் பெரிய மெத்தையின் அடித்தோலிலிருந்து வெட்டியது. மீதி அடித்தோலைக் கூடாரத்துக்குக் கீழே விரிக்க மடித்து வைத்திருக்கிறேன்.

ஒட்டியபின் தண்ணீர் கேனை வைத்து நாலு ராத்திரி அளந்தேன், எதிலும் அரை செ.மீ.க்கு மேல் இறங்கவில்லை. அடுத்த வாரம் அக்கா மகள் எட்டு மாதக் குழந்தையோடு வருகிறாள். 15 மாதத்துக்கு உட்பட்ட குழந்தையைக் காற்று மெத்தையில் படுக்க வைக்கக் கூடாது என்று இந்த மெத்தைகளின் எச்சரிக்கையில் இருக்கிறது, முகம் அமுங்கி மூச்சு முட்டும், விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் சிக்கும். பக்கத்தில் அம்மா இருக்கிறாளே என்று நினைத்துக்கூட வைக்க வேண்டாம். மெத்தை அவளுக்கு மட்டும், அப்பாவின் பழைய வேட்டியில் தூளி கட்ட உத்தரத்துக் கொக்கியை நேற்றே சரிபார்த்துவிட்டேன்.